இடது கன்னம்

அந்த ஸ்டூடியோவுக்கு வந்துபோகிற யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணன் வைத்த பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. அழிரப்பர். முகப்பரு, கருவளையம், அம்மைத் தழும்பு, காலரில் ஊறிய வியர்வை, குடும்பப் படத்துக்குள் தெரியாத்தனமாக வந்து நின்ற அடுத்த வீட்டுக்காரர், எதைக் காட்டினாலும் கம்ப்யூட்டரில் அழித்துக் கொடுத்துவிடுவாள்.

"மாமியாரை அழிச்சுக் குடுப்பாங்களா?" என்று ஒரு கல்யாணப் பெண் கேட்டாள்.

"தாராளமா. ஆனா படத்துல மட்டும்தான்," என்றான் அண்ணன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பைப் படமெடுத்து வாசல் கண்ணாடியில் மாட்டியும் விட்டான்.

படம் எடுப்பது அவன் வேலை, பேசுவதும் அவன் வேலை. தங்கைக்கு நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். தடுப்புப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து முகங்களைத் துடைத்துக்கொண்டிருப்பதே அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. வித்தை பெரியதில்லை. நல்ல தோல் இருக்கும் இடத்தில் ஒரு தொடு தொட்டு, கெட்ட இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். நெற்றியிலிருந்து ஒரு துளி, மோவாயிலிருந்து ஒரு துளி. ஒரு கன்னத்தில் திருடி மறு கன்னத்தை மூடுவது. மூடியதும் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி வைத்தால் டிஸ்க் தாங்காது என்பது அண்ணன் போட்ட சட்டம். "அழுக்கைத் தேய்ச்சுக் குளிச்சுட்டு யாராச்சும் அந்த அழுக்கைப் பத்திரமா எடுத்து வைப்பாங்களா?" என்பான்.

அவள் அதிகம் அழித்தது அண்ணன் முகத்தைத்தான்.

சிறுவயதில் கொதிக்கிற தண்ணீர்ப் பானையை இழுத்துக் கவிழ்த்துக்கொண்டவன் அவன். இடது கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடைவரை தோல் சுருங்கி மினுங்கும். பெண் தேடிய காலத்தில் வெளியூருக்கு அனுப்பிய படத்தில் அவள் அந்தத் தழும்பை எடுத்துவிட்டாள். தூரத்துச் சம்பந்தம், படத்தைப் பார்த்தே முடிவான கல்யாணம். மணமேடையில் முதல்முறையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்த அண்ணி, அவன் காதில், "போட்டோவில இருந்தவர் வரலையா?" என்று கேட்டாளாம். "அவர் கொஞ்சம் லேட்டா வருவார். அதுவரைக்கும் நான் இருக்கேன்," என்றானாம் இவன். இந்தக் கதையை அவன் சொல்லாத ஆள் இல்லை. ஒவ்வொரு முறையும் அண்ணி, "சிரிங்க, சிரிங்க. ஏமாந்தவ நான்தானே," என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் வாசலில் யாருமில்லை என்று தெரிந்தால் அவள் கை தானாக அவன் இடது கன்னத்துக்குப் போவதைத் தங்கை தடுப்புப் பலகையின் இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள்.

கையில் போன் வைத்திருக்கிறவனெல்லாம் போட்டோக்காரன் ஆகிவிட்ட காலம். ஸ்டூடியோவுக்கு ஒரு வெப்சைட் வைத்தால்தான் பிழைக்கலாம் என்று அண்ணன் முடிவுகட்டினான். தங்கை படங்களைத் தேர்ந்தெடுத்தாள். ஒவ்வொன்றையும் வெட்டி, அளவைச் சுருக்கி, சுருக்கியதில் மங்கியதைக் கூர்மையாக்கி, மூலையில் ஸ்டூடியோ முத்திரையைப் பதித்தாள். கடைசியில் "எங்களைப் பற்றி" என்ற பக்கத்துக்கு அவன் படமே தேவைப்பட்டது.

ஊரையே உட்காரவைத்துப் படமெடுத்தவன், அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததும் பல் பிடுங்க வந்தவன்போல விறைத்தான். பழக்கப்படி வலது கன்னத்தைக் காட்டினான்.

"நேரா பாருண்ணா."

"இதுதான்டி என் நல்ல பக்கம்."

"துணிக்கடைப் பொம்மை மாதிரி இருக்கே. நேரா பாரு."

பார்த்தான். அவள் பொத்தானை அழுத்தினாள். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு, "தழும்பு இருக்கட்டுமா, எடுத்துடவா?" என்றாள்.

"எடுத்துடு. தன் மூஞ்சியையே சரி பண்ணத் தெரியாதவன் ஊரான் மூஞ்சியை என்ன சரி பண்ணுவான்னு கேப்பான்."

தேநீர் கொண்டுவந்த அண்ணி, "வேணாம், அப்படியே விடு. ஒருத்தி ஏமாந்தது போதாதா?" என்றாள்.

"கஸ்டமரும் ஏமாந்தாத்தான் கடை ஓடும். நீ எடு, அழிரப்பர்."

அவள் எடுத்தாள். பழைய படத்தின் மேல் சேமித்தாள்.

அடுத்த வாரம் வேறொரு ஊரில் கல்யாண வேலை. முந்தின நாள் மதியமே கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். மறுநாள் காலை ஸ்டூடியோவுக்கு ஒரு போன் வந்தது. "எங்கேம்மா உங்க போட்டோக்காரர்? பொண்ணு மேடைக்கு வந்தாச்சு. அட்வான்ஸ் வாங்கிட்டு இப்படிப் பண்ணலாமா?" என்று ஒருவர் கத்தினார். அண்ணி அண்ணனின் எண்ணைக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அன்று முழுவதும் அணைந்தே இருந்தது.

காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொண்டவர் நடுத்தர வயது எழுத்தர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதைத் தேடுகிற ஆள். கெட்டவர் இல்லை.

"எழுதியாச்சும்மா. ஆனா இப்பல்லாம் காகிதம் ஊர் சுத்துறதில்ல, படம்தான் சுத்துது. காணாமப் போனவங்களுக்குன்னு ஒரு வெப்சைட் இருக்கு. அதுல படத்தை ஏத்திடுங்க. எல்லா ஸ்டேஷன்லயும் பாப்பாங்க, ஆஸ்பத்திரியிலயும் பாப்பாங்க. மூஞ்சி தெளிவா இருக்கணும், அதுதான் முக்கியம்."

"நாங்க ஸ்டூடியோதாங்க வச்சிருக்கோம்," என்றாள் அண்ணி. அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அப்ப என்ன? கையிலேயே வெண்ணெய் இருக்கு."

அந்த வெப்சைட் கேட்ட படமும் ஸ்டூடியோ வெப்சைட்டுக்காக எடுத்த படமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தன. முகம் நேராக இருக்க வேண்டும், தோள்வரை தெரிய வேண்டும், பின்னணி வெறுமையாக இருக்க வேண்டும், கோப்பு சிறியதாக இருக்க வேண்டும். தங்கை மூலையிலிருந்த முத்திரையை வெட்டினாள். சுருக்கினாள். கூர்மையாக்கினாள். கை பழகிய பழக்கத்தில் கண்ணுக்குக் கீழே கொஞ்சம் வெளிச்சமும் ஏற்றினாள். பக்கத்தில் நின்ற அண்ணி, "நல்லா வந்திருக்கார்," என்றாள்.

தழும்பு இல்லாதது இருவர் கண்ணிலும் படவில்லை. அவர்களுக்கு அந்தப் படத்தில் தழும்பு இருந்தது. வீட்டு ஆட்கள் பார்க்கும்போது முகம் மனசிலிருந்து கிளம்பிப் போய்ப் படத்தில் ஒட்டிக்கொள்கிறது. கீழே "அங்க அடையாளம்" என்ற கட்டத்தில், இடது கன்னத்தில் தீப்புண்போன்ற பழைய தழும்பு என்று தங்கை ஒழுங்காக எழுதினாள். எழுதிய வரிக்கு மேலேயே வழுவழுப்பான கன்னத்தோடு அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான்.

உயிரோடு அலைகிறவர்கள், ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடப்பவர்கள், பிணவறையில் யாரும் கேட்காமல் கிடப்பவர்கள் எல்லாருடைய படமும் அந்த வெப்சைட்டின் உள்ளே இருந்தது. பொதுமக்கள் பார்க்க முடியாது. அங்கங்கே இருக்கிற ஆட்கள் ஒப்பிட்டுப் பார்த்து ஆம், இல்லை என்று போடுவார்கள். தங்கை காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைத் திறப்பாள். "பொருத்தம் இல்லை" என்று இருக்கும். அண்ணி வாசலிலிருந்தே, "என்ன போட்டிருக்கு?" என்பாள்.

"இல்லைன்னுதான் அண்ணி."

"அப்பாடா."

இல்லை என்றால் செத்தவர்களில் இல்லை. எங்கேயோ இருக்கிறான். அடிபட்டுப் பேச்சில்லாமல் கிடக்கிறான், கோபித்துக்கொண்டு போயிருக்கிறான், யாராவது பிடித்து வைத்திருக்கிறார்கள். இவற்றில் எது நடந்திருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. அந்த இரண்டு சொல்லைத்தான் அவர்கள் சோறாகத் தின்று தண்ணீராகக் குடித்தார்கள்.

ஒரு நாள் எழுத்தரே வரச் சொன்னார். முகத்தில் சிரிப்பு இருந்ததால் இருவரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள்.

"பயப்பட ஒண்ணுமில்ல. நல்ல சேதிதான். உங்க ஆளு போன பாதையில, நடுவழியில ஒரு ஆஸ்பத்திரி. ரோட்டோரம் அடிபட்டுச் செத்துக் கிடந்த ஒருத்தரைக் கொண்டுவந்து போட்டிருக்காங்க. பை இல்ல, போன் இல்ல, பர்ஸ் இல்ல. எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். வயசு, உயரமெல்லாம் ஒத்துப்போச்சேன்னு எனக்கே பக்குன்னு ஆயிடுச்சு. போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பிணவறைக்காரர் நல்ல மனுஷன், உங்க படத்தைப் பக்கத்துல வச்சே பாத்திருக்கார். அது இல்லவே இல்லைன்னுட்டார்."

"எப்படிங்க சொன்னாரு?" என்றாள் அண்ணி.

"அந்த ஆளுக்குக் கன்னம் பூரா தழும்பாம். உங்க வீட்டுக்காரர் மூஞ்சி வெள்ளரிப்பிஞ்சு மாதிரில்ல இருக்கு? சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அண்ணிதான் பேசினாள். சத்தமே இல்லாமல். "எங்க வீட்டுக்காரருக்கும் தழும்பு இருக்குங்க."

எழுத்தர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார். திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "எங்கம்மா?"

அன்றுதான் இருவரும் அந்தப் படத்தை வேற்று ஆளின் கண்ணால் பார்த்தார்கள்.

"கீழே எழுதியிருக்கோமே," என்றாள் தங்கை. அவள் அந்த நிலையத்தில் பேசிய முதல் வார்த்தை அது.

"எழுதினதை எவன்மா படிக்கிறான்? படத்தைப் போட்டா படத்தைத்தானே பாப்பான்? அத அமுக்கி உள்ள போனாத்தான் எழுத்தே வரும்." கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தழும்போட ஒரு படம் குடுங்க. இன்னிக்கே அனுப்பி ஒத்துப் பாக்கச் சொல்றேன். பொருத்தம்னு அவங்க போட்டாத்தான் உங்களைப் பாக்க விடுவாங்க," என்றார்.

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கூழ்ப்பானையில் விழுமாம் துள்ளி. எத்தனையோ முகங்கள் இருந்த அந்த டிஸ்க்கில் அண்ணன் முகம் மட்டும் இல்லை. கல்யாண ஆல்பத்தில் அவள் கைவேலை. அடையாள அட்டைப் படமும் அதே ஸ்டூடியோவில் எடுத்ததுதான். கேமரா கார்டை ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் துடைத்துவிடுவது அண்ணன் வழக்கம். அண்ணியின் போன், எடுக்கும்போதே முகத்தைத் தானாக மெழுகிவிடுகிற வகை. அதில் தழும்பு ஏதோ மேகத்தின் நிழல்போல இருந்தது. மற்றவர்கள் வீட்டு விசேஷங்களில் தப்பித்தவறி அவன் விழுந்திருந்த இரண்டொரு படத்திலும் வலது கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவள் மறைத்திருந்தாள். ஒரு விதைகூட வெளியே தெரியவில்லை.

"நீயே போடு," என்றாள் அண்ணி.

"என்னது அண்ணி?"

"எடுத்தவ நீதானே? திரும்ப வை."

தங்கை மவுஸைப் பிடித்தாள். அழிக்கத் தெரிந்த கைக்கு வரையத் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே வெளிர் நிறத்தில் ஒரு கோடு இழுத்தாள். புழு ஊர்ந்த தடம்போல இருந்தது. அழித்தாள். மறுபடி இழுத்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த முகம். கண்ணை மூடினால் முழுசாக வருகிறது, திறந்தால் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. எத்தனை முறை அதை அணு அணுவாகப் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள்! பார்த்ததெல்லாம் எங்கே மூடலாம் என்றுதான்.

கோடு சரியாக விழாததற்கு அது மட்டும் காரணமில்லை. சரியாக வரைந்தால் அண்ணன் அந்தப் பிணவறையில் இருப்பான். கொஞ்சம் தப்பாக வரைந்தால், சின்னதாக, வேறு வடிவத்தில் வரைந்தால், நாளைக் காலையிலும் "பொருத்தம் இல்லை" என்று வரும். எங்கேயோ பேச்சில்லாமல் உயிரோடு கிடப்பான்.

அவள் சின்னதாக வரைந்தாள்.

"இல்ல," என்றாள் அண்ணி. "இன்னும் பெருசு."

"இவ்வளவுதான் அண்ணி இருக்கும்."

"உனக்கு என்ன தெரியும்? நீ தள்ளி நின்னு பாத்தவ." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் முகத்திலேயே விரலை வைத்தாள், கண்ணுக்குக் கீழே. "இங்க ஆரம்பிக்கும். இந்த இடத்துல ஒரு மேடு. கத்திரிக்கா காம்பு மாதிரி கெட்டியா இருக்கும். அப்புறம் இப்படி அகலமாயிக்கிட்டே போயி, காதுப் பக்கம் ஒரு வால். கீழ, தாடையில ரெண்டாப் பிரியும். நடுவுல ஒரு விரல் நுழையற மாதிரி நல்ல தோல். அங்க மட்டும் மீசை மயிர் மாதிரி நாலு முடி முளைக்கும், ஷேவ் பண்ணும்போது விட்டுடுவார்."

"அண்ணி, அவ்வளவு பெருசாப் போட்டா..."

"போட்டா?"

தங்கை மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"தெரியும்," என்றாள் அண்ணி. "எனக்கு மட்டும் ஆசையா? சின்னதாப் போட்டு இல்லைன்னு வந்தா, நான் தினம் உன்னை என்ன போட்டிருக்குன்னு கேட்டுக்கிட்டே கெழவியாயிடுவேன். அவரு யாருமில்லாத ஆளா அங்க கிடப்பாரு. பெருசாக்குடி."

பெரிதாக்கினாள். அண்ணியின் விரல் அண்ணியின் கன்னத்தில் போன வழியெல்லாம் அவள் கை திரையில் போனது. மேடு, அகலம், வால், பிரிவு. சுருக்கியபோது எல்லாம் கரைந்து மங்கியது. அதனால் மறுபடி பெரிய படத்துக்குப் போய், இருந்ததைவிட அழுத்தமாக்கினாள். அழகில்லாமல் ஆக்குவதற்கு அவ்வளவு பாடுபட்டது அன்றுதான். முடித்தபோது, அது அண்ணனும் இல்லை, வேறு யாரும் இல்லை என்பதுபோல ஒரு முகம் திரையிலிருந்து சிரித்தது. அனுப்பினாள்.

மறுநாள் காலை அண்ணி வாசலிலிருந்து கேட்கவில்லை. உள்ளே வந்து பக்கத்தில் நின்றாள். இருவரும் சேர்ந்தே படித்தார்கள். "பொருத்தம் உண்டு."

எழுத்தர் நேரிலேயே வந்தார். ஸ்டூலில் உட்காரச் சொன்னார்கள். அண்ணன் உட்கார்ந்த அதே ஸ்டூல். யாரும் கேட்டு வராத உடம்பை வைத்திருக்க ஒரு கெடு உண்டு என்றார். பிணவறைக்காரர் முதல் படத்தைப் பார்த்து இல்லை என்று சொன்னபோது கெடு முடியவில்லை. இவர்கள் இரண்டாவது படத்தை அனுப்பும் முன்பே முடிந்துவிட்டது. நகராட்சி எடுத்துப் புதைத்துவிட்டது. இடத்தைக் காட்டுவார்கள், எண் போட்டு ஒரு கல் நட்டிருக்கும்.

"முதல்லயே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தவர், தங்கையின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கினார். பிணவறையில் எடுத்த படம் ஒன்றை உறுதி செய்வதற்காகப் பென் டிரைவில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் படத்தைத் திறந்தபோது, அண்ணி முன்னால் போய் நிற்க, தங்கை அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். கண் மூடியிருந்தது. யாரும் வெளிச்சம் சரிபார்க்கவில்லை, யாரும் நேராகப் பார் என்று சொல்லவில்லை. ஆனாலும் முகம் நேராக இருந்தது. மேடு, அகலம், வால், தாடையில் பிரிவு, நடுவில் நாலு முடி. அண்ணி சொன்ன அளவுதான் சரி. தங்கை கடைசியாகப் போட்டது அதைவிடவும் கொஞ்சம் சின்னது. அண்ணனின் உண்மையான முகம் உலகத்தில் அந்த ஒரு படத்தில்தான் இருந்தது.

கல் நட்ட இடத்துக்குப் போய்வந்தார்கள். வந்தவர்கள் வந்தார்கள், அழுதவர்கள் அழுதார்கள். ஆறுதல் சொன்னவர்களில் ஒருவர், "படத்துல எவ்வளவு லட்சணம்!" என்றார். தங்கை எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஸ்டூடியோவைத் திறந்த முதல் நாள், அண்ணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வெப்சைட் என்னாச்சு? நம்மளது."

"அப்படியே இருக்கு அண்ணி. 'எங்களைப் பற்றி' மட்டும் பாக்கி."

"அதுல அவர் படத்தைப் போடு. தழும்போட."

"நான் வரைஞ்சதையா? அது நல்லால்ல அண்ணி."

"அது இல்ல." அண்ணி கொஞ்சம் தயங்கினாள். "அங்க எடுத்ததுல இருக்கே. அதுலேர்ந்து எடுத்து இதுல வை. உனக்குத்தான் தெரியுமே, ஒரு இடத்துல எடுத்து இன்னொரு இடத்துல வைக்க."

தங்கை இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாள். இத்தனை நாள் நல்ல தோலில் தொட்டுக் கெட்ட இடத்தில் வைத்தவள், இறந்தவனின் கன்னத்தில் ஒரு தொடு தொட்டாள். சிரிக்கிறவனின் கன்னத்தில் கொண்டுபோய் வைத்தாள். கண்ணுக்குக் கீழிருந்து தொடங்கினாள். கொண்டுவந்த தோல் சாம்பல் நிறமாக இருந்தது. கொஞ்சம் சிவப்பும் கொஞ்சம் மஞ்சளும் ஏற்றி அதற்கு உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. துளித்துளியாக வால்வரை போனாள். தாடைப் பிரிவில் அந்த நாலு முடியையும் ஒன்றொன்றாகக் கொண்டுவந்தாள். அண்ணி அது முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.

பிறகு வெட்டினாள், சுருக்கினாள், கூர்மையாக்கினாள். மூலையில் முத்திரை பதித்தாள். பழைய படத்தின் மேலேயே சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தி, தனிப் பிரதியாகச் சேமித்தாள்.

பக்கம் திறந்தது. அண்ணன் நேராகப் பார்த்தான்.

"வந்துட்டார்," என்றாள் அண்ணி. சிரிப்பதற்கு வாய் கோணி, பாதியில் நின்றது. கையை நீட்டித் திரையில் அவன் இடது கன்னத்தை மேலிருந்து கீழாகத் தடவினாள். இன்னொரு முறை, மெதுவாக.

"வழவழன்னு இருக்கு," என்றாள்.